திருப்புளியக் கீழ வை, கண்ணு

வா கண்ணு, உக்காரு. கையில என்னது, ஏரோப்ளேன் இன்ஜினா? இங்க குடு. அட, உள்ளங்கையில அடங்கிப் போகுதே! எத்தன சி.சி.? 46 சைஸுன்னா 0.46 கன அங்குலம். நம்ம கணக்குல 7.5 சி.சி. ஏழரை! வாங்கறப்பவே யாராச்சும் ஜாதகம் பாத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?

வித்தவன் என்ன சொன்னான்? “லைட்டா ஓட்டுனதுங்ணா, ஷோகேஸ்லயேதான் இருந்துச்சு”ன்னானா? கணபதி ஏரியாவுல லேத்துப் பட்டறை வெச்சிருந்த காலம் முச்சூடும் நான் கேட்ட வசனம் அது. பழசுல விக்கற எந்த இன்ஜினும் ஓடுனதே கிடையாது சாமி. எல்லாத்தையும் சாமி மாடத்துல வெச்சுச் சூடம் காட்டிட்டே இருந்திருக்காங்க. அப்ப இந்த சைலன்சர்ல ஒட்டியிருக்கற கரி எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டுப் பாரு, அந்த ஒரு போன மட்டும் எடுக்க மாட்டான்.

சரி, நோவு என்ன? முழுசா முடுக்குனா ஊரக் கூட்டுது, கொறச்சா பொக்கு பொக்குனு ரெண்டு தடவ சொல்லிட்டு நின்னுருது. அதானே? அதுக்கு நீ என்ன வைத்தியம் பண்ணுன? கார்பரேட்டர்ல இருக்கற சின்ன மறையத் திருகுன. எத்தன சுத்து? தெரியாது. எந்தப் பக்கம்? ரெண்டு பக்கமும். பலே! இப்ப மறை கழண்டது இன்ஜினுக்கா வேற யாருக்காச்சுமான்னு முதல்ல பாக்கோணுமாட்ட இருக்குது. அந்தத் திருப்புளியக் கீழ வை. நான் சொல்ற வரைக்கும் எடுக்கப்படாது.

அப்புச்சிக்கு ஆயில் இன்ஜினும் மோட்டாரும்தான் தெரியும், இதெல்லாம் என்ன தெரியும்னு மொகத்தக் கோணாத. என்.சி.சி. ஏர் விங் பசங்க அப்பெல்லாம் இந்தச் சுண்டக்கா இன்ஜினத் துணியில சுத்திப் பட்டறைக்குத் தூக்கிட்டு வருவானுங்க. அவனுங்களும் உன்னாட்டவேதான், முதல்ல திருகிட்டு அப்பறம் வருவானுங்க.

வேகமா ஓடறப்ப எல்லா இன்ஜினும் நல்ல இன்ஜின்தான். மெதுவா ஓடறப்பத்தான் அதும்பட யோக்கியத தெரியும். ஏன்னு கேளு. இதுல மேக்னட்டோ இல்ல, பாயிண்ட் இல்ல, பொறியே இல்ல. ஆயில் இன்ஜினாட்ட அமுக்கத்த மட்டும் நம்பியும் எரியறதில்ல. ப்ளக்குக்குள்ள எட்டிப் பாரு, மெல்லிசா ஒரு கம்பிச் சுருள் தெரியுதா? ப்ளாட்டினம் கலந்தது. 1.5 வோல்ட் பேட்டரிய வெச்சு அதப் பழுக்கக் காச்சி, ஸ்டார்ட் ஆனதும் பேட்டரியக் கழட்டிருவோம். கழட்டுனப்பறமும் கம்பி அணையாது. மெத்தனால் ஆவி ப்ளாட்டினத்து மேல பட்டா அங்கயே வினை நடந்து சூடு வரும். போன வெடியோட சூடு கொஞ்சம் மிச்சம் இருக்கும். பிஸ்டன் அமுக்கற சூடு வேற. மூணும் சேந்துதான் கம்பியக் கனிய வெச்சிருக்குது. 1947-ல ரே ஆர்டன்ங்கற அமெரிக்காக்காரர் இந்த க்ளோ ப்ளக்கக் கடைக்குக் கொண்டாந்தாரு. அதுக்கப்பறம்தான் பொம்மை ப்ளேன் காயிலயும் பேட்டரியயும் முதுகுல சொமந்துட்டுப் பறக்கற கெரகம் ஒழிஞ்சுது.

இப்பக் கணக்குப் போடு, நீதான் கம்ப்யூட்டர்காரனாச்சே. நிமிசத்துக்கு 12,000 சுத்துன்னா நொடிக்கு 200 வெடி. கம்பிக்கு ஆறவே நேரமில்ல. அத 2,500-க்கு எறக்குனா நொடிக்கு 40 சொச்சம்தான். ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவுல கம்பி ஆறப் பாக்கும். அந்த நேரத்துல ஈரம், கூடுதல் எண்ணெய், திருட்டுக் காத்து, வயசான கம்பின்னு எது கொஞ்சம் சூட்டப் புடுங்குனாலும் ஆட்டம் குளோஸ். முழு வேகத்துல இத்தனயும் மூடி மறச்சிருந்த சூடு இப்ப இல்ல. அதனால ஐடில், அதான் அந்த மெதுவான ஓட்டம், நிக்கலன்னா ஐடில் மறைதான் குத்தவாளின்னு புடிச்சு உள்ள தள்றது போலீஸ் கேஸ் முடிக்கற கத. நெஜக் குத்தவாளி வெளிய உலாத்திட்டு இருப்பான்.

முதல்ல ப்ளக்க மாத்து. பாக்க நல்லாத்தான எரியுதுங்கற? வெளிய எடுத்து பேட்டரி வெச்சா செத்த ப்ளக்கும் சிரிக்கும். உள்ள போட்டு இன்ஜின ஐடில்ல உட்டு, பேட்டரியக் கழட்டிப் பாரு. கழட்டுன ஒடனே சுத்து சடார்னு எறங்குச்சுன்னா, ஒண்ணு ப்ளக் தேஞ்சிருக்குது, இல்லாட்டி எண்ணெய் கூடிக் கெடக்குது. கம்பி பளபளன்னு இருக்கோணும். வெளுத்து, சொரசொரத்து, நெளிஞ்சு கெடந்தாத் தூக்கிப் போடு. அதுல அலுமினியப் பொட்டு ஒட்டியிருந்துச்சுன்னா ப்ளக்க உட்டுட்டு இன்ஜினுக்குள்ள என்ன தேயுதுன்னு கவலப்படு. ப்ளக்குக்கு அடியில செம்பு வாசர் இருக்குதான்னும் பாத்துக்க. நாலாயிரம் ரூவா குடுத்து வாங்குன இன்ஜினுக்கு ஒரு புது ப்ளக் போடறதுக்கு இத்தன யோசிக்கற, நேத்து அந்த மொக்க சினிமாவுக்குப் போறப்ப யோசிச்சியா?

அடுத்தது எண்ணெய், அதான் டேங்குல ஊத்தற மெத்தனால் கலவை. எங்க வெச்சிருக்க? மொட்ட மாடியில, பாதி காலியான கேன்ல, மூடி லூசா. அப்பறம் எப்படிடா நிக்கும்? மெத்தனால் காத்துல இருக்கற ஈரத்தக் குடிச்சுக்கிட்டே இருக்கும். கேன் எத்தனைக்குக் காலியோ அத்தனைக்கு ஈரக்காத்து உள்ள. ஈரம் சேந்த எண்ணெய் முழு வேகத்துல எப்படியோ எரிஞ்சுக்கும், ஐடில்ல கம்பிய அணச்சுரும். ஆனதுனால பழைய எண்ணெய வெச்சுக்கிட்டு ட்யூனிங் பண்றேன்னு கெளம்பாத. மூடி தொறக்காத புது டின்ன ஒரு தடவ ஊத்திப் பாரு. பாதி வியாதி அங்கயே போயிரும். நைட்ரோமீத்தேன் 10, 15 சதம் கலந்ததுன்னா ஐடில் இன்னும் படிஞ்சு நிக்கும். நைட்ரோவே இல்லாத எண்ணெயிலயும் ஓடும், ஆனா கொஞ்சம் மொரண்டு புடிக்கும்.

இந்த எடத்துல மட்டும் நான் வெளயாடல, நீயும் வெளயாடாத. மெத்தனால் விஷம். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60 பேருக்கு மேல செத்தது இது கலந்த சாராயத்தாலதான். கண்ணு போயிரும், உசுரு போயிரும். நம்ம ஊருல இத வாங்கறதுக்கும் வெச்சிருக்கறதுக்கும் லைசன்ஸ் கேக்கற விதி 1959-லயே போட்டது. தெரிஞ்ச பையன் கெமிக்கல் கடையில இருக்கான், கேன்ல கொண்டாந்து தருவான்ங்கற பேச்செல்லாம் எங்கிட்ட வேண்டாம். அதுக்கு மேல இன்னொண்ணு, மெத்தனால் தீ பகல் வெளிச்சத்துல கண்ணுக்கே தெரியாது. எரியுதுன்னு கை சுட்டப்பறம்தான் தெரியும். மூடிய மூடி, பேர எழுதி ஒட்டி, கொழந்தைங்க கைக்கு எட்டாம வை.

இனி அந்தக் கலவையில அஞ்சுல ஒரு பங்கு மசகு எண்ணெய். அதுல ஒரு பாகமாச்சும் வெளக்கெண்ணெயா இருக்கோணும். ஆமா கண்ணு, உங்கம்மிச்சி உன்னயப் பலகையில உக்கார வெச்சு மூக்கப் புடிச்சுக் குடிக்க வெச்சாளே, அதேதான். முதல் உலகப் போர்ல பறந்த ரோட்டரி இன்ஜின் ப்ளேனுங்களும் இதத்தான் குடிச்சுதுங்க. பெட்ரோல்ல சீக்கிரம் கரையாது, சூட்டுலயும் வழுக்கல உடாது. ஆனா அது ஆவியாப் பொகையா பைலட் மூஞ்சியில அடிச்சு, அவங்களுக்கு வயித்தாலயும் போகும்னு சொல்லுவாங்க. எதிரி சுட்டத விட எண்ணெய் சுட்டது அதிகமோ என்னமோ.

வெளக்கெண்ணெயில ஒரு கெட்ட கொணம், சூட்டுல காஞ்சு காஞ்சு அரக்காட்டப் படியும். உம்பட இன்ஜின் ஷோகேஸ்ல தூங்குச்சுன்னு சொன்னானே, அது ஒருவேள நெஜம்னா நோவு இங்கதான். பாரு, கார்பரேட்டர் பேரல் இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு நகர்றப்ப நடுவுல ஒரு எடத்துல மொணங்குது. வெரல்ல வாங்கிப் பாரு, தெரியுதா? சர்வோ அந்த எடத்துல நின்னுக்கும், நீ ஐடில் எறங்கிருச்சுன்னு நெனச்சுக்குவ. பேரலக் கழட்டி, ரப்பர் சமாச்சாரத்தயெல்லாம் எடுத்து வெச்சுட்டு, உலோகத்த மட்டும் அதும்பட எண்ணெயிலயே ஒரு ராத்திரி ஊறப் போடு. பழுப்புத் தண்ணி எறங்கும். ஊசி போற துளையில மெல்லிசான நைலான் இழைய உட்டு எடு. குண்டூசிய உட்டுக் கொடைஞ்ச, வெரல ஒடிப்பேன். அந்தத் துளையோட அளவுதான் கார்பரேட்டருக்கு உசுரு.

இனி மெயின் குத்தவாளி, காத்து. இதுக்குத்தான் நான் காப்பிய உட்டுட்டு வந்து உக்காந்தேன். ஐடில்ல பேரல் கிட்டத்தட்ட மூடிக் கெடக்குது, ஒரு மில்லிமீட்டர் சந்துதான். அப்ப கிரேங்க் கேஸுக்குள்ள இழுப்பு ஏறும். கார்பரேட்டர் வழியா காத்து கெடைக்காத இன்ஜின், வேற எங்க சந்து இருக்குதோ அங்கிருந்து இழுக்கும். முழு வேகத்துல தெரியாத பொடிச் சந்து ஐடில்ல வாசக்கதவாயிரும். அடையாளம் சொல்றேன் கேட்டுக்க. ஐடில் தானா ஏறும், தானா எறங்கும். மறையத் திருகுனா ஒரு தடவ பேச்சுக் கேக்கும், அடுத்த தடவ கேக்காது. காலையில வெச்ச அளவு பொழுதோட செல்லாது. இத்தனயும் இருந்துச்சுன்னா எண்ணெயையும் ப்ளக்கையும் திட்டாத, சந்தத் தேடு.

எங்க தேடறது? முதல்ல கார்பரேட்டர் கழுத்து. அது இன்ஜின் உடம்புல உக்கார்ற எடத்துல கறுப்பா ஒரு ஓ-ரிங் இருக்கும். கழட்டி வெளிச்சத்துல காட்டு. உருண்டையா இருக்கவேண்டீது தட்டையாப் போயிருக்குதா? நகத்துல அமுக்குனா பள்ளம் விழாம கட்டக் கரியாட்ட இருக்குதா? ஒடிச்சா ஒடியுதா? அதேதான். வித்த மகராசன் அத மாத்தாம, ஒழுகாம இருக்கட்டும்னு மேல சிவப்பு சிலிக்கான் பூசியிருக்கான் பாரு! ஷோகேஸ்ல இருந்த பொம்மைக்கு எதுக்குடா சிலிக்கான்? அடுத்தது பின்மூடி. நாலு மறையயும் எதிரெதிரா கொஞ்சங் கொஞ்சமா இறுக்கு. கேஸ்கட் கிழிஞ்சிருந்தா மாத்து. ஜிம்முக்குப் போற கைய இங்க காட்டாத, அலுமினியம் அது, மறை உருண்டுச்சுன்னா மறுபடி எங்கிட்டத்தான் வருவ. ஊசியோட அடியிலயும் ஒரு குட்டி ஓ-ரிங் இருக்கும், அதையும் பாரு. சந்தேகம் இருக்கற இணைப்புல ரெண்டு சொட்டு எண்ணெய் உட்டு, விசிறியக் கையில மெதுவா ஒரு சுத்து சுத்து. குமிழ் வந்தா ஆள் சிக்கிட்டான். மூக்குப் பக்கம் முன் பேரிங்ல லேசாக் கசியறது வழக்கந்தான். சட்டையெல்லாம் தெளிச்சா வழக்கமில்ல.

டேங்குக்குள்ள இருக்கற டியூப்ப யாரும் பாக்க மாட்டாங்க. வெளிய இருக்கறத மட்டும் புதுசா, கலர் கலரா மாட்டிக்குவீங்க. உள்ள குண்டு கட்டித் தொங்கற டியூப்புல ஊசிமுனை ஓட்ட போதும், எண்ணெயோட காத்தயும் சேத்து உறிஞ்சும். பஞ்சர் கடைக்காரன் பண்றதப் பண்ணு. ஒரு முனைய அடச்சு, மறுமுனையில ஊதி, தண்ணிக் குண்டாவுல முக்கு. சைலன்சர்ல இருந்து டேங்குக்குப் போற பிரஷர் டியூப்பயும் உட்றாத. சைலன்சர் போல்டு லூசுன்னா பிரஷரும் லூசு. டேங்க் எந்த உசரத்துல வெச்சிருக்க? நடுமட்டம் ஊசிக்கு நேராவோ ஒரு செ.மீ. கீழயோ இருக்கோணும். நீ டேங்க மேல தூக்கி வெச்சிருந்தீன்னா, ஐடில்ல எண்ணெய் தானா வழிஞ்சு எறங்கி இன்ஜின முக்கிரும்.

விசிறி என்ன அளவு? 10x6? இந்த இன்ஜினுக்கு 11x6 போட்டுப் பாரு. விசிறிதான் இதுக்கு ஃப்ளைவீல். இலேசா இருந்தா அடுத்த வெடி வர்ற வரைக்கும் சுத்தற வேகத்தத் தாங்காது. மாட்டறப்ப பேலன்ஸ் பாத்து மாட்டு.

ப்ளக்கக் கழட்டிட்டு விசிறிய ஒரு வெரல்ல மெதுவாச் சுத்து. கண்ண மூடிக்க. கரகரன்னு கையில தட்டுதா? பின் பேரிங் துரு. ஓட்டி முடிச்சப்ப மிச்ச எண்ணெய எரிச்சுத் தீக்காம அப்படியே தொங்க உட்டிருக்கான். உள்ள இருந்த மெத்தனால் ஈரத்த இழுத்து, பேரிங்க அரிச்சுருச்சு. மாத்திக்கலாம், பெரிய செலவில்ல. கேஸ நல்லாச் சூடு பண்ணி மரக்கட்டையில தட்டுனா பேரிங் தானா விழும். உங்கம்மா கேக்கு சுடற ஓவன்ல மட்டும் வெச்சுறாத, அப்பறம் என்னையவும் சேத்து வெளிய தள்ளிருவா.

ப்ளக்கப் போட்டு மறுபடி சுத்து. மேல வர்றப்ப சிக்குனு ஒரு புடி இருக்குதா? நல்லது, அது நோவில்ல. அலுமினிய பிஸ்டன், குரோம் பூசுன பித்தளை லைனர் போட்ட இன்ஜின்ல லைனர் மேல போகப் போக ஒரு மயிரிழை ஒடுங்கும். சூடானாத்தான் அளவுக்கு வரும். இதத் தெரியாம ‘டைட்டா இருக்குது அப்புச்சி’ன்னு உப்புத்தாள் போட்டுத் தேச்சுட்டு வந்த மகராசனுங்களும் இருக்கானுங்க. புடியே இல்லாம வழுவழுன்னு போச்சுன்னாத்தான் கவல. அதுக்கு எந்த மறையும் வைத்தியம் பண்ணாது.

இத்தனயும் பாத்தாச்சா? சரி, இப்ப எடு திருப்புளிய. அட, பாய்ஞ்சு எடுக்கறதப் பாரு! முதல்ல பெரிய ஊசி. ப்ளேன யாரயாச்சும் புடிக்கச் சொல்லி, நீ விசிறிக்குப் பின்னால நில்லு. சட்டக் கை, அந்தக் கழுத்துத் துண்டு எல்லாத்தயும் சுருட்டிக்க. முழு வேகத்துல எங்க உச்சமோ அங்கிருந்து கொஞ்சம் எண்ணெய்ப் பக்கமா பின்னால வாங்கி வை. பெரிய ஊசி சரியில்லாம சின்ன மறையத் தொட்டா ராத்திரி வரைக்கும் திருகிட்டே இருப்ப.

அப்பறம் ஐடில். ஒரு அர நிமிசம் மெதுவா ஓட உட்டு, சட்டுனு முடுக்கு. வெட்டுனாப்பல நின்னுச்சுன்னா பசி. பொகையக் கக்கி, கொழகொழன்னு உருண்டு, அப்பறம் செத்துச்சுன்னா அசீரணம். இன்னும் சந்தேகமா? ஐடில்ல எண்ணெய் டியூப்ப ரெண்டு வெரல்ல கிள்ளு. ஒடனே செத்தா ஏற்கெனவே பசி. நல்லா வேகம் ஏறி அப்பறம் செத்தா அசீரணம். லேசா ஏறி எறங்குச்சுன்னா கைய எடுத்துரு, அதுதான் பக்குவம்.

எந்தப் பக்கம் திருகறதுன்னு கேக்காமயே திருகுனியே, அதுக்கு வர்றேன். கார்பரேட்டர் ரெண்டு சாதி. ஒண்ணுல மூஞ்சியில பொடித் துளை தெரியும், மறை அந்தக் காத்துத் துளைய மறைக்கும். இதுல மறைய உள்ள திருகுனா காத்து கொறஞ்சு எண்ணெய் கூடும். இன்னொண்ணுல துளை இருக்காது, பேரலுக்குள்ளயே ரெண்டாவது ஊசி இருக்கும். அதுல உள்ள திருகுனா எண்ணெய் கொறையும். அதே கை, அதே பக்கம், நேர்மாறான பலன். உம்படது எந்தச் சாதி? தெரியல. ஆனா ரெண்டு பக்கமும் திருகியாச்சு! மூஞ்சியப் பாரு, துளை இல்ல, அப்ப இது ரெட்டை ஊசி. உள்ள போனாப் பசி, வெளிய வந்தா அசீரணம். ஒரு சுத்துல எட்டுல ஒரு பங்கு மட்டும் திருகு. திருகிட்டு முழுசா ஒரு தடவ முடுக்கி உள்ள தேங்குனத எரிச்சுட்டு, மறுபடி எறக்கிக் கேளு. எட்டுல ஒண்ணுன்னா கடியாரத்துல சின்ன முள்ளு ஒன்றர மணி நேரம் நகர்ற தூரம். உனக்குக் கடியாரம் பாக்கத் தெரியுமோ, அதுவும் போன்லதானோ!

2,500-லயோ 2,800-லயோ தடுமாறாம நின்னு, முடுக்குனா வாய் தொறக்கற நேரத்துல எந்திரிச்சுச்சுன்னா போதும். கார் ஐடில் ஆயிரத்துக்குக் கீழ நிக்குதேன்னு இதயும் அங்க எறக்கப் பாக்காத. தரையில காட்டி மத்தவங்க வாயப் பொளக்க வெக்கலாம், எறங்கறதுக்கு வர்றப்ப மரத்து மேல நின்னுக்கும். மரம் ஏற எனக்கு முட்டி ஒத்துழைக்காது.

அப்பறம் ஒண்ணு. ஓட்டி முடிச்ச ஒடனே டியூப்பப் புடுங்கி, உள்ள இருக்கறது எரிஞ்சு தீந்து நிக்கற வரைக்கும் ஓட உடு. ப்ளக் துளையிலயும் கார்பரேட்டர்லயும் ரெண்டு சொட்டு மசகெண்ணெய் உட்டு, நாலு சுத்து சுத்தி வை. நாளைக்கு நீ இத விக்கறப்ப ‘ஷோகேஸ்லயே இருந்துச்சு’ன்னு சொன்னா வாங்கறவன் நம்போணுமில்ல.

என்ன, இத்தனயும் பண்ணியும் நிக்கலன்னா? அப்ப பேரல் ஒடம்பே தேஞ்சிருச்சுன்னு அர்த்தம். ஆட்டிப் பாரு, லொடலொடன்னு ஆடும். கார்பரேட்டரே புதுசு வாங்கோணும். காசில்லையா? கவலய உடு. அந்தக் கார்பரேட்டரக் கழட்டி வீசிட்டு வெறும் வென்சுரி ஒண்ணு நான் கடைஞ்சு தர்றேன். என்.சி.சி. பசங்க ஓட்டுனாங்களே, ரெண்டு கம்பியில கட்டிச் சுத்தற ப்ளேன், அதுல மாட்டிரு. அதுக்கு ஐடிலும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். எண்ணெய் தீர்ற வரைக்கும் ஒரே வேகம், அதுவா நின்னா அதுவா எறங்கும். என்ன, கைப்புடியப் புடிச்சுட்டு நடுவுல நிக்கற நீயும் அதுகூடவே சுத்தோணும். காலையில டிபன் சாப்புடாம வந்துரு.